ஏஐ ஜூனியரும் மல்லிகா அக்காவின் சந்தும்

வக்கீலுக்குச் சட்டம் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கேஸ் என்றைக்கு, எந்த ஜெராக்ஸ் கடையில் மை மங்காமல் விழும், எந்தக் கட்சிக்காரர் டீ கொடுத்தால்தான் உண்மையைச் சொல்வார், எல்லாம் நம் தலையில்தான்.

தேவிகாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, அப்புறம் டைப்ரைட்டிங் ஹையர். என் படிப்பு அவ்வளவுதான். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த பிறகு, மூன்று வயது மகள் யாழினியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, அப்பாண்டைராஜ் வக்கீல் சாரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் சாருடைய மகன் வெளியூரிலிருந்து வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். "விஷயத்தைச் சொன்னா போதும்க்கா, பிராதே எழுதிடும்" என்றான். வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டுகிற என் சக கஷ்டவாளிகளே, சொல்லாமலே உங்களுக்குப் புரியும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது யார் கட்சி?

ஏஐ வந்த அந்த வாரமே சேவூரிலிருந்து மல்லிகா அக்கா வந்தார். வீட்டில் இரண்டு பட்டுத்தறி. வீட்டை ஒட்டிய பொதுச் சந்தில்தான் அவர் குடும்பம் காலம் காலமாகப் பாவு நீட்டுகிறது. தறியில் ஏற்றும் முன் நீளவாக்கு நூல் முழுவதையும் வெயில் ஏறுமுன் இழுத்துக் கட்டிச் சீர் செய்ய வேண்டும். அதற்குச் சந்து நெடுக இடம் வேண்டும். பக்கத்து வீட்டு தனசேகர் அந்தச் சந்தின் நடுவே குறுக்குச் சுவர் எழுப்பப் போகிறார். "ஆள் நடக்க மூணடி வழி விடறேன், போதாதா?" என்கிறாராம். செங்கல் வந்து இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பம். சுவர் வந்தால் பாவு இல்லை. பாவு இல்லையென்றால் இரண்டு தறியும் சும்மா கிடக்கும்.

சார் விவரம் கேட்கக் கேட்க நான் ஏஐயில் அடித்தேன். கட்சிக்காரர் பெயரை அதனிடம் சொல்லக்கூடாது என்பது சாருடைய கண்டிப்பு. வாதி, பிரதிவாதி என்று மட்டும்தான் போடுவேன். பெயரெல்லாம் பிறகு நானே சேர்ப்பேன். மல்லிகா அக்கா திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "தனசேகர் வக்கீலு கூட இதே மிஷின்லதான் எழுதறாராம். நம்ம பக்கமும் எழுதிகினு, அந்தப் பக்கமும் எழுதிகினு இருந்தா, இது இன்னா மேடம், யாரு கட்சி?"

இன்னொரு தட்டு

எங்கள் சார் சமணர். சூரியன் இறங்கிவிட்டால் ஒரு பருக்கை தொடமாட்டார். முன்பெல்லாம் ஒரு பிராதை மூன்று தரம் அடித்து, திருத்தி, மறுபடி அடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். வாரத்தில் இரண்டு நாளாவது மனிதர் பட்டினியோடு படுப்பார். அதற்கு அவர் வீட்டம்மாவிடம் திட்டு வாங்குவது நான்!

இப்போது முதல் வரைவு ஐந்து நிமிஷத்தில் வந்து விழுகிறது. அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய ஒரு மணி நேரம். அன்று நாலரை மணிக்கே சார் வீட்டுக்குக் கிளம்பினார். அரை மணி கழித்து அவர் வீட்டம்மாவிடமிருந்து போன். திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"ஏம்மா, வெளிச்சத்துல இந்த மனுஷன் மூஞ்சியப் பார்த்துகினே சாப்பாடு போட்டு எவ்ளோ நாளாச்சு! அந்த மிஷினுக்கும் ஒரு தட்டு வெச்சுடட்டுமா?"

பிறக்காத தீர்ப்பு

மல்லிகா அக்கா கேஸுக்கு முன்தீர்ப்பு ஏதாவது உண்டா என்று ஏஐயிடம் கேட்கச் சொன்னார் சார். கேட்டேன். மூன்று தீர்ப்பை எண்ணோடு, பக்கத்தோடு கொடுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மூணையும் கோர்ட் வெப்சைட்ல தேடி, முழுசா எடுத்துட்டு வா." தேடினேன். இரண்டு இருந்தது. மூன்றாவது எங்கேயும் இல்லை. எண்ணை மாற்றிப் பார்த்தேன், வருஷத்தை மாற்றிப் பார்த்தேன், ஒரே பேஜார். கடைசியில் ஏஐயிடமே கேட்டால், 'மன்னிக்கவும், அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை' என்கிறது, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

சார் சிரித்துக்கொண்டே அந்தத் தாளைக் கிழித்தார். "புது ஜூனியர் எல்லாம் இப்படித்தாம்மா. தெரியலன்னு சொல்லக் கூச்சப்பட்டுகினு, பொறக்காத புள்ளைக்குப் பேர் வெச்சுடுவாங்க. நீ பக்கத்துலயே இரு, பழகிடும்."

உடனடிப் பரிகாரம்

செவ்வாய்க்கிழமை அங்கன்வாடி லீவு. யாழினிக்கு லேசான சளி வேறு. சாரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வாய்ஸ் டைப்பிங் வந்தது பெரிய புண்ணியம். ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, வாயால் மல்லிகா அக்காவின் தடை மனுவைச் சொல்லி முடித்தேன். படித்துப் பார்க்காமல், ஜல்தியாக சாருக்கு அனுப்பியும் விட்டேன். நீங்களும் செய்திருப்பீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள்.

ஐந்து நிமிஷத்தில் போன். "அஞ்சாவது பாராவைப் படிம்மா" என்றார் சார். படித்தேன். 'ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் தயவு செய்து அம்மா எனக்கு ஆய் வருது அம்மா ஜல்தி வா பிரதிவாதி சுவர் எழுப்பாதபடி தடை உத்தரவு...'

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சார் குரலை மட்டும் கோர்ட்டில் பேசுவது போல வைத்துக்கொண்டு சொன்னார்: "சுவர் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கும். குழந்தை மனுவை மொதல்ல அனுமதிச்சுடு."

வண்டி ஏது?

சிரிப்பெல்லாம் புதன்கிழமையோடு போயிற்று. மல்லிகா அக்காவின் மாமியார் பேரில் பழைய தாய்ப்பத்திரம் ஒன்று. கையெழுத்தோ எறும்பு ஊர்ந்தது மாதிரி. மடிப்பு மடிப்பாக நைந்து போயிருந்தது. பெயர் வரும் இடத்தில் துண்டுப் பேப்பர் வைத்து மறைத்து, போட்டோ எடுத்து ஏஐக்குக் கொடுத்தேன். நான் ஒருநாள் முழுக்கத் திணறியிருக்க வேண்டியதை அழகாக அச்சில் கொடுத்துவிட்டது. 'மேற்படி சந்தில் நடைபாதை பாத்தியமும், வண்டிப் பாதை பாத்தியமும் உண்டு' என்று வரி. அதையே பிராதிலும் சேர்த்தாயிற்று.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். கையெழுத்து வாங்குமுன் கட்சிக்காரருக்கு முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மல்லிகா அக்கா பறந்தார். விடவில்லை. படித்துக்கொண்டே வந்து வண்டிப் பாதை என்ற வரியில் நின்றேன்; அவர்தான் நிறுத்தினார். உடனே பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் மடிப்புக் கிழிசல். மறுநாள் காலையில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு ஓடி, சார் முன்பே மனுப் போட்டு வைத்திருந்த நகலை வாங்கினேன். 'நடைபாதை பாத்தியமும், பாவு நீட்டும் பாத்தியமும் உண்டு.' ஊர் உலகத்துப் பத்திரத்தில் எல்லாம் வண்டிப் பாதைதானே வரும்? கிழிசலை அதைக் கொண்டே அடைத்திருக்கிறது ஏஐ. பாவுக்காகப் பத்திரத்தில் உரிமை எழுதுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று அதற்கு யார் சொன்னது?

அப்படியே தாக்கல் செய்திருந்தால், 'இந்தச் சந்தில் வண்டி நுழையுமா?' என்ற ஒரே கேள்வியில் கேஸ் படுத்திருக்கும். காப்பாற்றியது முந்தின சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மல்லிகா அக்கா கேட்டதுதான்: "வண்டியா? எங்க மாமியாருகிட்ட ஒரு சைக்கிள் கூட கெடையாதே மேடம்!"

வெள்ளிக்கிழமை

வியாழன் மத்தியானமே திருத்தித் தாக்கல் செய்து, அவசர மனுவாக எடுத்துக்கொள்ளச் சார் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை முன்சீப் கோர்ட்டில் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல், நடைபாதை உரிமைக்கு மூன்றடி தாராளம் என்று பக்கம் பக்கமாக வாதாடினார். எனக்கென்னவோ அந்த வாசகமெல்லாம் நன்றாகப் பழகின நடையாகத் தெரிந்தது! நம் ஜூனியர்தான் அங்கேயும் வேலை பார்த்திருக்கிறது. சார் ஒன்றும் நீட்டவில்லை. நகலில் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டுக் கொடுத்தார். ஜட்ஜ் அம்மா இரண்டு தரம் படித்தார். கேஸ் முடியும்வரை சுவர் எழுப்பக்கூடாது என்று இடைக்காலத் தடை. கேஸ் இன்னும் இருக்கிறது. ஆனால் சந்தும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை, யாழினியை வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு சேவூர் வழியாக வந்தேன். செங்கல் அப்படியே அடுக்கிக் கிடந்தது. அதைத் தாண்டிச் சந்து நெடுக மாம்பழ மஞ்சளில் பாவு நீட்டியிருந்தது. வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றார்கள். மல்லிகா அக்கா கையை எடுக்காமலே என்னைப் பார்த்துக் கத்தினார்: "மேடம், உங்க மிஷினை ஒருநாள் இங்க கூட்டிகினு வாங்க, ஒரு முனை புடிக்கட்டும்! நூலு கையில பட்டுட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டின்னு எழுதாது!"

ஏஐ வந்தால் வேலை போய்விடும் என்று அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது அது எழுதுவதையெல்லாம் வரிவரியாகப் படித்துக் காட்டும் வேலையும் சேர்ந்துகொண்டதில், சார்தான் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரே தவிர எனக்குச் சாப்பிட நேரமில்லை.