திருமலை கட்டிய துண்டு

ஆந்திர எல்லையில் உள்ள எங்கள் ஊரில் கரண்ட் போவதற்குப் புயலெல்லாம் வேண்டாம். குடுபல்லிப் பக்கம் வானம் கறுத்தாலே போதும், மின்விசிறி நின்றுவிடும். இருப்பது ஒரே லைன்மேன், அவருக்கு ஊர்கள் பல. அவர் வரும்வரை காத்திருந்தால் குடிநீர்த் தொட்டி காய்ந்துவிடும். அதனால் கம்பம் ஏறத் தெரிந்த திருமலையும், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டு ரங்கனும் சில்லறைப் பழுதுகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. கீழே இழுத்தால் கரண்ட் நிற்கும், மேலே தள்ளினால் வரும். கம்பம் ஏறப் போகிறவன் அதைக் கீழே இழுத்து, தன் தோள் துண்டை அதில் கட்டிவிட்டுப் போவான். துண்டு இருந்தால் யாரும் தொடக்கூடாது. கட்டினவன்தான் வந்து அவிழ்க்க வேண்டும். பூட்டாவது சாவியாவது. ஒரு துண்டை நம்பி இத்தனை வருஷம் ஆட்கள் ஏறி இறங்கினார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு புயல் சாயங்காலம். திருமலை மாந்தோப்புக்கு அப்பால் கம்பத்தின்மேல் இருந்தான். காற்று துண்டை உருவிக்கொண்டு போய்விட்டது. ரங்கன் வந்து பார்த்தபோது கைப்பிடி வெறுமையாக இருந்தது. துண்டை அவிழ்த்தவன் மழைக்குப் பயந்து, மேலே தள்ள மறந்து ஓடிவிட்டான் என்று நினைத்தார். அவரே தள்ளினார்.

துண்டு மறுநாள் முள்வேலியில் கிடைத்தது.

ரங்கனை யாரும் குறை சொல்லவில்லை. திருமலையின் மனைவி தாட்சாயணிகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனிதர் தேறியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். அன்று முதல் காற்று அடித்தால் போதும், ரங்கன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். மழையோடு மழையாக ஒவ்வொரு கம்பமாகப் போய் அண்ணாந்து பார்ப்பார். பிறகுதான் கைப்பிடியைத் தொட எங்களை விடுவார். அவர் மட்டும் தொடவே மாட்டார்.

இந்த வருஷப் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வெளியே வெள்ளம், வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் லைன்மேன் எனக்குப் போன் செய்தார்.

“அந்தா அயிப்போயிந்தி, வேலை எல்லாம் முடிஞ்சிது. எல்லாரும் கீழ எறங்கிட்டோம். ஆன் செய்யி.”

நான் போனேன். ரங்கன் கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தொடாத. துண்டு கட்டிக் கீது.”

“எங்கண்ணா கீது? ஒண்ணும் இல்லியே.”

“ஈரமா தொங்கிக்கினு கீது பாரு. மேல ஆளு கீறான்.”

பேசிப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தேன். அந்த ஒல்லி உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, அசையவில்லை. ஊர் கூடிவிட்டது. மனிதருக்கு முற்றிவிட்டது, சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. அப்படிக் கொண்டுபோனால் திரும்பமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாட்சாயணி வந்தாள். மூன்று வருஷமாக அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆமாண்ணா. துண்டு கீது,” என்றாள்.

ரங்கன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். “நீயும் பாக்குறியா?”

“அவுரு துண்டு எனக்குத் தெரியாதா. கட்டுனவரு வரமாட்டாரு. நான் அவுக்குறேன். நவுருங்க.”

ரங்கன் விலகினார். அவள் வெறும் இரும்பில் விரல் வைத்தாள். நனைந்த முடிச்சு சீக்கிரம் விடாது அல்லவா, நகத்தால் நெருடினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தண்ணீர் போகப் பிழிந்து, உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இப்போ நீங்களே தள்ளுங்கண்ணா.”

ரங்கன் அழுதுகொண்டே தள்ளினார். ஊரில் விளக்குகள் எரிந்தன. தொட்டி மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாரும் குடத்தை எடுக்க ஓடினார்கள்.

தாட்சாயணி தனியாக வீட்டுக்கு நடந்தாள். காற்று மறுபடி வலுத்திருந்தது. தெருமுனை திரும்பும்வரை, தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் போனாள்.