மரியாதை பிடிக்காத நாய்

சுபானு வருடம் ஆடி மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1943 ஜூலை கடைசி வாரம், எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் ஊர்த் தலையாரி. அனுப்பியவர் கிராம மணியக்காரர், அதாவது என் மாமனார். அப்போது அவர் வாசலில் புங்கமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பத்தடி தள்ளி மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றிருந்தேன். தலையாரி அந்தப் பத்தடியையும் சர்க்கார் நடையாக நடந்து வந்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. "தங்கள் வசம் இருக்கும் நாய் இதுவரை ஏழு நபர்களைக் கடித்திருக்கிறபடியால், இனி ஒருவரைக் கடிக்கும் பட்சத்தில் மறு விசாரணை இன்றிச் சுடப்படும் என்று இதனால் அறியவும்" என்பது வாசகம். மாமனாரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. சும்மா மிரட்டுகிற மனிதரும் அல்ல அவர். ஆனால் ஏழு என்பது பிழை. என் குறிப்பேட்டின்படி கடிபட்டவர்கள் ஆறு பேர்தான்; ஏழாமவருக்குக் கிழிந்தது வேட்டி மட்டும். இந்தத் திருத்தத்தை எழுதித் தலையாரி மூலமாகவே அனுப்பினேன். பதில் வரவில்லை.

நான் அப்போது காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். என் மனைவி ஒரே பெண் என்பதால் மாமனார் வீட்டிலேயே குடியிருந்தோம். வீட்டோடு மாப்பிள்ளை ஒருவன் தன் பங்குக்கு ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்தால் ஊர் என்ன பேசும் என்பதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

நாய் வந்தது அதற்கு முந்தின தை மாதத்தில். சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து ஓட்டினார்கள். சமதரையில் அது ஓடும். தொப்பூர் கணவாயில் ஆண்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் தள்ளவும் வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் நாயைப் பார்த்தேன். பட்டாளத்து லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அது சாலை நடுவில் நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு, கயிறு இறுகின இடத்தில் புண். ஓரமாக இழுத்து விட்டேன். அப்போது என்னைக் கடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மேட்டில் பஸ் நின்றதும் எனக்கு முன்னால் ஏறி இருக்கைக்கடியில் படுத்துக்கொண்டது. கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தார். பஸ்ஸைத் தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குப் பரிந்து பேசினார்கள்.

மாமனார் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "உங்க தொப்பூர் சம்பந்தி சாப்புட்டாச்சா, மாப்ளே?" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார். சம்பந்தி இரண்டு வேளையும் கேழ்வரகுக் களி சாப்பிட்டது. புண் ஆறியது. கோழிகள் அதன் முதுகில் ஏறி நின்றாலும் கண்ணைத் திறக்காது. இப்படி ஒரு சாதுவா என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, மாசியில் முதல் கடி விழுந்தது. ஏதோ மனு எழுதி வாங்க வந்த ஒரு விவசாயி; கெண்டைக்காலில் நான்கு பல். ஆஸ்பத்திரியில் சொன்னபடி நாயைப் பத்து நாள் பார்த்தோம். வெறி இல்லை. பதினைந்தாம் நாள் இரண்டாவது கடி.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். தேதி, கிழமை, நேரம், எந்தக் கால், வந்தவர் கையில் என்ன இருந்தது என்று பத்தி பிரித்து எழுதினேன். வெள்ளிக்கிழமையோ என்று பார்த்தேன், செவ்வாயும் இருந்தது. குடையோ என்றால், கடிபட்டவர்களில் இரண்டு பேருக்குத்தான் குடை. கட்டிப்போட்டால் கயிற்றைக் கண்டதும் ஊளையிட்டு, அவிழ்த்த பிறகு இன்னும் மோசமாக நடந்துகொண்டது. சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் நாய்வளர்ப்புப் புத்தகம் ஒன்று, நாயின் கண்ணை விட்டுப் பார்வையை விலக்காதே என்றது. நான் விலக்காமல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஐந்தாமவர் கடிபட்டார்.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்:

"கடி வாங்குனவங்களத்தான் எழுதி வெச்சிருக்கீங்க. வாங்காதவங்கள எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அவளே சொன்னாள். பெங்களூர் மில்லிலிருந்து லீவில் வந்தவன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பீடியோடு உள்ளே வந்து நின்று பேசினான். நாய் வாலை ஆட்டியது. மாட்டுத் தரகர் ஒருவர் அவள் அப்பாவைப் பார்த்துக் கை நீட்டிச் சத்தம் போட்டுவிட்டுப் போனார், நாய் தூங்கியது. வளையல்காரி வந்து போகிறாள். அவளை மோந்துகூடப் பார்ப்பதில்லை.

"எங்கப்பாவுக்கு மரியாதை குடுத்தவங்களப் பாத்துத்தாங்க அது கடிக்குது" என்றாள்.

பத்திகளை மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தக் காலத்தில் மணியக்காரர் வாசலில் காலை வைக்கிறவர்கள் தோளில் இருக்கும் துண்டைச் சட்டென்று உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். எல்லோரும் செய்வதால் நான் அதை எழுதத் தகுந்த விஷயமாக நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன் சோதித்தேன். நாயிடமிருந்து சற்றுத் தள்ளி நின்று என் தோளுக்குக் கையைக் கொண்டுபோனேன். அது களியை விட்டுத் தலையைத் தூக்கியது. துண்டை உருவினேன். வயிறு தரையில் பட ஒடுங்கிப் படுத்து அங்கேயே மூத்திரம் விட்டது. அதற்கப்புறம்தான் பல்லைக் காட்டியது. யாரோ தோள்துணியை உருவி முறுக்கி அதை அடித்திருக்கிறார்கள். நான் துண்டைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று பள்ளிக்கு இருபது நிமிஷம் தாமதம்.

அதன் பிறகு தினமும் பாடம். கையை மார்புவரை கொண்டுபோனால் ஒரு களி உருண்டை. தோள்வரை போனால் இன்னொன்று. துண்டின் நுனியைத் தொட்டால் இரண்டு. எங்காவது காது பின்னால் மடிந்தால் ஒரு படி இறங்கி மறுபடி முதலிலிருந்து. ஆடி முடிவதற்குள் என்னையும் என் மனைவியையும் பொறுத்துக்கொண்டது. அந்நியர்களிடம் கிடையாது. அதனால் ஆட்கள் வரும் நேரத்தில் கொட்டகையில் மூங்கில் தட்டி வைத்து அடைத்தேன். கூடவே, துண்டை எடுக்காமல் வரச்சொல்லி வருகிறவர்களிடம் தலையாரியைச் சொல்லச் சொன்னேன். அதற்கு மாமனார் சம்மதிக்கவில்லை.

"நாயிக்காக ஊருப் பழக்கத்த மாத்தறதா, மாப்ளே? பழக்கத்துக்குத் தக்கன நாய மாத்துங்க" என்றார்.

எனவே தலையாரி காதோடு காதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அது இன்னும் குழப்பியது. மணியக்காரர் ஆழம் பார்க்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். சிலர் துண்டே இல்லாமல் வந்தார்கள். யார் வீட்டில் சாவு என்று மாமனார் விசாரித்தார். இரண்டாவது கடியை வாங்கியிருந்த பெரியவர் ஒருவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு தலையாரியைக் கேட்டார்:

"எடுத்தா நாயி கோவிச்சுக்குது. எடுக்காட்டி மணியக்காரரு கோவிச்சுக்குவாரு. நான் எங்கதாண்டா நிக்கறது?"

ஆவணியில் தானிய இருப்பைப் பார்க்கத் தாசில்தார் வந்தார். பள்ளிக்கு அன்று விடுமுறை விட்டிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். நாயை அடைத்துத் தட்டியை நானே இரண்டு முறை அசைத்துப் பார்த்தேன். தாசில்தாரின் வில்வண்டி மாடுகளை நிழலில் கட்ட அவருடைய டவாலிச் சேவகன் போய்த் தட்டியை எடுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமனார் எழுந்து நான்கு அடி முன்னால் போனார். தாசில்தார் எதிரில் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் பின்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். மாமனாரின் வலது கை தன் தோளுக்குப் போனது. அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து நாய் வந்து இருவருக்கும் நடுவில் தரையோடு தரையாக ஒடுங்கியது. காது மடிந்திருந்தது. தொண்டையில் உறுமல் ஆரம்பித்திருந்தது. என்னால் ஓடவும் முடியாது. ஓடினால் அது பாயும்.

மாமனார் நாயைப் பார்த்தார். துண்டை உருவினால் கடி நிச்சயம். நோட்டீஸ்படி அதன் கதை அன்றோடு முடிந்துவிடும். அதை அவர் என் அளவுக்கு நன்றாக அறிவார். கை துண்டின் மேலேயே சற்று நின்றது. பிறகு அதை நீவிவிட்டு, வெறுங்கையாகக் கீழே வந்து, மற்றக் கையோடு சேர்ந்து கும்பிட்டது. துண்டு தோளிலேயே இருந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் இருமினார்.

"எசமான் மன்னிக்கோணுங்க. துண்ட எடுத்தா இது கடிக்குமுங்க" என்றார் மாமனார்.

தாசில்தார் நகராமல் நின்றார். "யார் நாய் இது?"

"நம்முளுதுதானுங்க."

"என்னைக் கடிக்காதா?"

"எசமான் இந்த ஊருல யாருக்குத் துண்டு எடுக்கப் போறீங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க."

தாசில்தார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் களி உருண்டையோடு போய் நாயை ஓரமாக அழைத்துக்கொண்டேன். தானியம் அளந்தார்கள், இளநீர் குடித்தார்கள், வில்வண்டி போயிற்று. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவில்லை.

தாசில்தார் முன்னாலேயே தோளில் துண்டோடு நின்றவர், தன் முன்னால் நிற்பவர்களிடம் அதற்கப்புறம் என்ன சொல்ல முடியும்? ஊர் அதை உடனே புரிந்துகொண்டது. மறுநாளிலிருந்து எல்லோரும் துண்டோடு வந்தார்கள். நாய்க்குப் பயந்து என்று ஒவ்வொருவரும் தவறாமல் சொன்னார்கள். வேலை எதுவும் இல்லாமலே வந்து, துண்டோடு சற்று நேரம் நின்று, ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு.

பாடம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. தலையாரியும் பள்ளியின் உதவி ஆசிரியரும் துண்டோடு வந்து உதவினார்கள். கார்த்திகை மாதக் குறிப்பு: "உதவி ஆசிரியர் மூன்று முறை துண்டை உருவினார். நாய் கொட்டாவி விட்டது." குணமாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

"வெளிய சொல்லிப் போடாதீங்க" என்றாள். "அந்தப் பெரியவரு இப்பத்தான் உள்ள வந்து நிமுந்து நிக்கறாரு."

தலையாரிக்கும் உதவி ஆசிரியருக்கும் அதுவே உத்தரவு. நாயும் காட்டிக்கொடுக்கவில்லை. அது 1949 மாசியில் இறக்கும்வரை எங்கள் வாசலில் யாரும் துண்டை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. 1944 சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், வாசலில் ஆள் இல்லாத நேரம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனார் தூங்குகிற நாய்க்கு எதிரில் நின்று, தோளிலிருந்து துண்டை உருவி ஒரு உதறு உதறினார். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சோதித்துப் பார்த்தாரா, புங்கம்பூ விழுந்திருந்ததை உதறினாரா? அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. நாய் குணமானது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.