வாளிக்குப் போன ஒயின்

என் நாத்தனாருக்கு மூக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. என் மாமியாருக்கு அது எப்படிக் கூர்மையானது என்கிற கதை வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. உள்ளே நுழைகிற புருஷன் இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று இருபத்திரண்டு வருஷம் கதவருகே நின்று மோந்தே கண்டுபிடித்தவர். கடைசியில் அந்தக் குடியால்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார். அதனால் எங்கள் வீட்டில் இருமல் மருந்துகூட மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே வரும்.

கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டிவிட்ட நாத்தனாரும் அந்தக் குடி வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர்தான். ஓட்டலில் பில் போடுகிற வேலை. ஒரு நாள் யாரோ ஒயின் சரியில்லை என்று பாட்டிலைத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். இவர் போகிறபோக்கில் மோந்துவிட்டு, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்கிறதே என்றார். ஒயின் கம்பெனி ஆள் வந்து பார்த்து, பாட்டிலை அடைத்திருந்த கார்க் கெட்டுப்போனதுதான் என்று ஒப்புக்கொண்டான். மேனேஜர் அசந்துபோய், ஒயின் ருசி பார்க்கிற பயிற்சிக்கு இவரை அனுப்பிவைத்தார்.

அங்கேதான் வந்தது வினை. அவருக்குப் பிடித்துப்போய்விட்டது! ஒரே திராட்சை மலைச்சரிவில் விளைந்தால் ஒரு மணம், மணலில் விளைந்தால் வேறு மணம் என்று துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொல்வார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் மட்டும் இன்னும் பில் போடுவதாகவே கதைவிட்டுக்கொண்டிருந்தார். அந்த மூக்கிடம் அதெல்லாம் பலிக்குமா? மூன்றாம் மாதமே மாட்டிக்கொண்டார்.

மாமியார் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறேன் என்று நாத்தனார் அழுதார். வாய்க்குள் போனதை எவன் துப்புவான் என்று மாமியார் என்னிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தன் தம்பி வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவர் செய்ததற்கு இருக்கிறவள் எத்தனை நாள் தண்டனை அனுபவிப்பது? போவதானால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவைத்து, வெள்ளிக்கிழமை மதியம் மாமியாரை ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நீள மேசை. ஐந்து பேர், ஆளுக்கு ஆறு கோப்பை, காலடியில் ஒரு எவர்சில்வர் வாளி. அம்மாவைப் பார்த்ததும் நாத்தனாருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வேலையைத் தொடங்கினார். கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் எடுத்தார், குனிந்து துப்பினார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மாமியார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது கோப்பையில் நிலைமை மாறியது. மேனேஜர் ஒரு வாய் எடுத்து, புருவத்தை உயர்த்தி, விழுங்கிவிட்டார். மற்ற மூன்று பேரும் விழுங்கிவிட்டுச் சிரித்தார்கள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு குனிந்து துப்பினார்.

மாமியார் எழுந்து அவரிடம் போனார்.

"நல்லா இல்லையா?"

"நான் பாத்ததுலயே இதான்மா ரொம்ப நல்லது."

"அவங்கல்லாம் முழுங்கிட்டாங்களே. நீ ஏன் முழுங்கல?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "பயம்மா. ஒரு வாய் உள்ள போனா, அப்பா மாதிரி நிறுத்த முடியாமப் போயிடுமோன்னு. இதுவரைக்கும் ஒரு சொட்டுகூட முழுங்கினதில்ல."

மாமியார் பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரே தம்பிக்குப் போன் செய்தார்.

"நான் வரலடா," என்றார். "எம் பொண்ணு இத்தன நாளா தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கா."