ஆயுதபூஜையன்று வேலை செய்த ரோபோ

தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்ப்பதற்கு முந்தைய ஆண்டு, கடலூரில் ஒரு முந்திரிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மெயிலில் வரும் ஆர்டருக்கு பில் போட்டு, 'சரக்கு கிளம்பிவிட்டது' என்று கடைக்காரர்களுக்குப் பதில் அனுப்பும் வேலையை ஓர் அக்கா செய்துவந்தார். மீனவக் குடும்பம். கணவர் இல்லை. மகள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். முதலாளி யாரிடமோ கேள்விப்பட்டு வந்து, அந்த வேலையைத் தானாகச் செய்யும் புரோகிராம் வேண்டும் என்றார். எழுதிக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அதுவே மெயிலைத் திறக்கும், பில் போடும், பதில் அனுப்பும். முதலாளி அதை ரோபோ என்றுதான் சொல்வார். கை கால் எங்கே என்று கேட்காத குறை.

"தீபாவளி முடிஞ்சதும் அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்திடலாம்பா" என்றார் ஒருநாள். அக்கா காதிலும் விழுந்துவிட்டது.

"பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் கெடக்குது தம்பி" என்றார் என்னிடம். மதியம் வழக்கம்போல எனக்கும் சங்கரா மீன் குழம்பு ஊற்றினார்.

ஆயுதபூஜை வந்தது. திரையில் சரஸ்வதி தெரிந்தால்தான் பூஜை என்று முதலாளி கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொன்னார். சந்தனம், குங்குமம், மாலை, பொரி எல்லாம் ஆயிற்று. பூஜை போட்ட பொருளை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது அங்கே மீற முடியாத சட்டம். தராசைத் தொடக்கூடாது, லாரியைத் தொடக்கூடாது. அப்புறம் கம்ப்யூட்டரை அணைக்க மட்டும் யார் கை வைப்பது? சரஸ்வதியைத் திரையில் விட்டுவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டோம்.

நாலு மணிக்கு ரோபோ தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

மறுநாள் காலை போன் ஓயவில்லை. "சரக்கு கெளம்பிடுச்சின்னு மெயில் வந்துதே, லாரி நம்பரக் குடுங்க" என்று கடைக்குக் கடை கேட்டார்கள். லாரியோ வாழைக்கன்றும் மாலையுமாக வாசலில் நின்றது. முதலாளிக்குச் சரக்குக் கவலைகூட இரண்டாவதுதான். சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரையே பார்த்தபடி, "பூஜ அன்னிக்கி வேல செஞ்சிருக்குதே" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. கற்பூரம் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் காட்டினார்.

"இதுக்கு நாளு கெழம தெரியாதுப்பா. பக்கத்துல ஒரு ஆளு இருந்தே ஆவணும்."

பண்டிகை நாட்களைப் புரோகிராமுக்குள் எழுதிவிட்டால் போதும். அரைமணி நேர வேலை. அதைச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அக்கா ஒரு கடைக்காரரைப் போனில் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

"ஆமாங்க மொதலாளி, ஆளில்லாம முடியாது" என்றேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, இனிமே நீ சொன்னாத்தான் இது ஓடணும்." அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்றே புரோகிராமை மாற்றினேன். நாலு மணிக்குத் திரையில் 'இன்று வேலை உண்டா?' என்று ஒரு கேள்வி வரும். அக்கா 'உண்டு' என்பதை அழுத்தும்வரை அப்படியே நிற்கும். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை, அந்த ரோபோ ஒருநாள்கூட அக்காவைக் கேட்காமல் ஓடியதில்லை.