சந்தனம் பூசிய சக்கரம்

இன்று திசையன்விளையில் ஒரு நிச்சயதார்த்தம். குறுக்குவழி என்று தேரிக்காட்டுக்குள் விட்டதில், எங்கள் பழைய ஜீப் செம்மணலில் புதைந்து நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் ஃபோர் வீல் லிவரைப் போட்டு மிதித்தார். பின் சக்கரங்கள் மட்டும் சுற்றி மணலை வாரி இறைத்தன.

"கியர்பாக்ஸ் போயிட்டு. டிராக்டருக்குச் சொல்லுதேன்" என்று போனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று நான் இறங்கினேன்.

அந்த வண்டியில் என்ஜின் வேலை முழுக்க என்னுடையது. கழுவுவதும் பூஜை போடுவதும் அவருடையது.

லிவர் மட்டும் போதாது. முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழையும் கையால் திருகிப் பூட்டினால்தான் அவை இழுக்கும். அந்தக் குமிழைக் காணவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் அப்பிய சந்தனம், அதன்மேல் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது.

ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் பூட்டினேன்.

"இப்போ பைய எடுங்க."

நாலு சக்கரமும் பிடித்து வண்டி மேலேறியது.

அவர் வண்டியைத் தார் ரோட்டில் ஏற்றினார். பிறகு சொன்னார்: "பாத்தியா, சாமி கைவிடல. எல்லாம் அந்தச் சந்தனம்தான்."

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை எங்கே ஒளித்துவைக்கலாம்? நல்ல இடமாகச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் வேண்டாம், அங்கே ஸ்பேனரோடு நான் இருப்பேன்; தேடி வந்தால் எனக்கும் சேர்த்து அப்பிவிடுவார்.