மச்சாள் எழுதிய மெட்டு

எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மச்சாள் இருந்தாள். பியானோவுக்கு மெட்டு எழுதுவாள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், ஒரு வருடத்துக்குக் கிட்ட, சனிக்கிழமைதோறும் அவளைச் சுகம் விசாரித்தார்கள். அவளுக்கென்று சவர்க்காரம்கூடத் தந்துவிட்டார்கள். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. அவள் நான் சொன்ன பொய்.

சண்டை நடந்த வருடங்கள் அவை. நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பல் டொக்டரின் வீட்டுக்குப் போவேன். அவரிடம் பழைய பியானோ ஒன்று இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கிக் குடும்பம் விற்றுவிட்டுப் போனது. சொந்தமாக மெட்டு எழுதுகிறவர்கள் அங்கே கூடுவோம். பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். டொக்டர், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் துறைமுகக் கிளார்க் ஒருவர், பிறகு நான். டொக்டரின் மனைவி மெட்டு வாசிக்கவும் மாட்டார், எழுதவும் மாட்டார். தேத்தண்ணீர் தந்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுவார். அந்த நாட்களில் நாலு தமிழர் ஒரு வீட்டில் கூடினால் பொலிஸ் வந்து விசாரிக்கும். எங்களிடம் யாரும் வரவில்லை. நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்பது ஒழுங்கை முழுவதுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

டொக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எழுதியவர் தன்னுடையதைத் தானே வாசிக்கக் கூடாது. யன்னலோரம் இருந்த பிரம்பு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்து கேட்க வேண்டும், வேறொருவர் வாசிப்பார். "எங்கட விரல் எங்களுக்காகப் பொய் சொல்லும்" என்பார். வாசித்து முடிந்ததும் கேட்டவர்கள் முதலில் நல்லது ஒன்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் குறை. துறைமுகக் கிளார்க் இதில் மகா கெட்டிக்காரர். டொக்டர் ஒரு முறை எழுதிக்கொண்டு வந்த மார்ச் ஒன்று, சைக்கிள் மேட்டில் ஏறுவது போல மூச்சு வாங்கியது. "கடைசில நிப்பாட்டுற எடம் நல்லா இருக்கு, டொக்டர்" என்றார் கிளார்க், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பியானோவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த ‘ஏ’ ஸ்வரக் கட்டையை அமுக்கினால் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும். டொக்டர் ஒரு நாள் தன் பல் ஆயுதங்களைக் கொண்டுவந்து அதற்கு வைத்தியம் பார்த்தார். அதோடு அது முற்றாக ஊமையாகிவிட்டது. வத்தளையில் ஒரு டியூனர் இருந்தார். கம்பியும் குறடும் நிறைந்த பையை வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்துக் காட்டத் தன்னால் ஏலாது என்று வர மறுத்துவிட்டார். அதனால் நாங்கள் அந்தக் கட்டையைத் தொடாமல் எழுதப் பழகிக்கொண்டோம். கொஞ்ச நாளில் அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டோம்.

அந்த வீட்டுக்கு நான் முதலில் வாசிக்கத்தான் போனேன். தாளைப் பார்த்தவுடன் வாசிக்க எனக்கு வரும், அந்த அளவுக்குப் பரீட்சைகள் எடுத்திருந்தேன். முன்பு எழுதிப் பார்த்தவள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை நான் எழுதியதை வாங்கிப் பார்த்த மியூசிக் டீச்சர், வகுப்பு முழுவதும் கேட்க, "இது விரல் பயிற்சி, இசை இல்லை" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பதினைந்து வருடம் நான் ஒரு வரி எழுதவில்லை. அந்த டீச்சர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

டொக்டர் வீட்டில் மற்றவர்களுடையதை வாசிக்க வாசிக்க எனக்குக் கை பரபரத்தது. என்னிடம் பியானோ கிடையாது. வாடகை அறையின் மேசையில் விரலால் தட்டித் தட்டி எழுதுவேன். சனிக்கிழமை அரை மணித்தியாலம் முந்திப் போய், விரலைச் சூடாக்கிக்கொள்கிறேன் என்று சாக்குச் சொல்லி, எழுதியதை மெதுவாக அடித்துப் பார்ப்பேன். நான்கு பக்கத்தில் ஒரு மெட்டு முடிந்தது. அதை மற்றத் தாள்களோடு சேர்த்துப் பையில் வைத்திருந்தேன். டொக்டர் அந்தத் தாள்களில் எதையோ தேடும்போது அது வெளியே வந்துவிட்டது.

"இது ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "என்ர மச்சாள், டொக்டர். யாழ்ப்பாணத்தில இருக்கிறா."

எழுதியவர் வெளியூர் என்பதால் பிரம்பு நாற்காலியை வெறுமையாக விட்டார்கள். கிளார்க் வாசித்தார். நான் பக்கத்தில் நின்று தாள் புரட்டினேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இது இசையா, விரல் பயிற்சியா. என் முகத்துக்காக யாரும் இனிப்பாகச் சொல்லாத ஒரு பதில் வேண்டும். அதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அவர்கள் மச்சாளுக்குக் கடிதம் எழுதி, அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தபால் போனால் போனதுதான், பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். அது எனக்கு வசதியாக இருந்தது. கடிதத்தை அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் இருந்து வாசித்தேன். முதல் பக்கம் நல்ல மெட்டு, இடது கை சும்மா தாளம் போடாமல் தானும் கதை சொல்கிறது, நிறுத்த வேண்டாம், இன்னும் எழுதுங்கள் என்று மூன்று பேரும் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் சாப்பிடவில்லை. ஆனால் கடைசியில் டொக்டரின் மனைவி ஒரு வரி சேர்த்திருந்தார்: "இரண்டாம் பக்கம் சவ்வு மாதிரி இழுபடுகிறது, வெட்டி எறியுங்கோ."

மூன்று நாள் நான் அந்தத் தாளைத் தொடவில்லை. நாலாம் நாள் வெட்டினேன். "மச்சாள் வெட்டிப்போட்டா" என்று ஒரு மாதம் கழித்துப் போய்ச் சொன்னேன், ஏதோ கப்பலில் செய்தி வந்தது போல.

அப்படியே மச்சாள் வளர்ந்தாள். இன்னும் இரண்டு மெட்டு அனுப்பினாள். டொக்டர் அவளுக்கென்று கோடு போட்ட இசைத்தாள் கொப்பி ஒன்று வாங்கித் தந்தார். அங்கே மண்ணெண்ணெய் விளக்கில் கண் கெட்டுப்போகும், கவனமாக எழுதச் சொல்லுங்கள் என்று கிளார்க் சொல்லிவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை டொக்டரின் மனைவி இரண்டு கட்டிச் சவர்க்காரத்தைப் பேப்பரில் சுற்றித் தந்தார். யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று எனக்குத் தெரியும். என் சொந்தக்காரர்களே அங்கே அது இல்லாமல் இருந்தார்கள். அந்தக் கட்டிகளை அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அருவருப்பாக இருந்தது, என் மேல்தான்.

அடுத்த சனிக்கிழமை சவர்க்காரத்தைக் கொண்டுபோய்த் தேத்தண்ணீர் மேசையில் வைத்தேன். "எனக்கு மச்சாள் ஒருத்தியும் இல்லை. எல்லாம் நான் எழுதினது" என்றேன்.

யாரும் திடுக்கிடவில்லை. டொக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கிளார்க்தான் பேசினார்.

"தெரியும், தங்கச்சி. மொத நாளே தெரியும். நாலு பக்கம் வாசிச்சேன், நடு ஏ ஒரு எடத்துலகூட வரல்ல. இந்த வீட்டுப் பியானோவுல அது அடிக்காதுன்னு யாழ்ப்பாணத்துல இருக்கிற புள்ளைக்கு யாரு சொன்னது?"

எனக்கே அது தெரியாது. என் விரல்கள் அந்த ஒரு பியானோவை மட்டும் அறிந்தவை. மேசையில் தட்டும்போதும் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.

வெட்கம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடமாகப் பொத்தி வைத்திருந்த சந்தோஷம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. "அப்ப நல்லா இருக்கு எண்டு எழுதினதெல்லாம் என்னில பாவம் பாத்துத்தானே?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் பக்கத்தை வெட்டி எறியச் சொன்னதும் பாவம் பாத்தோ?" என்றார் டொக்டரின் மனைவி. "உம்மட முகத்துக்கு நேர அதைச் சொல்ல எனக்கே வாய் வந்திராது. மச்சாள் இருந்தபடியா வசதியாப் போச்சு."

"சவுக்காரம் ஏன் தந்தனீங்கள், அக்கா?"

"உமக்குத்தான் தந்தனான். ஒவ்வொரு கிழமையும் கார்பன் தாள் மையோட வந்து என்ர பியானோவில கை வைக்கிறீர். துடைச்சுத் துடைச்சு எனக்குக் கை உளையுது."

நான் என் விரல் நுனிகளைப் பார்த்தேன். அன்றைக்கும் நீலமாகத்தான் இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே சவர்க்காரத்தைத் திரும்பப் பையில் போட்டேன். ஆனால் உள்ளே சந்தேகம் போகவில்லை. கிளார்க் அதைக் கண்டுகொண்டார். "நாளைக்குக் காலையில எங்க கோயிலுக்கு வாங்க. ஏழு மணிப் பூசை" என்றார்.

நான் வேதக்காரி இல்லை. என்றாலும் போனேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் அது. கடைசி வாங்கில் இருந்தேன். கிளார்க் ஒரு பக்கத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து சனங்கள் எழும்பி, குடையையும் செருப்பையும் தேடி, பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கும்போது என் முதல் மெட்டு தொடங்கியது. அந்த ஆர்கனில் நடு ஏ நன்றாக வேலை செய்தது, பூசைப் பாட்டுகளில் கேட்டிருந்தேன். என் மெட்டில் அவர் அதைத் தொடவில்லை. நான் எழுதியதை எழுதியபடி வாசித்தார்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் மீன் வாங்கும் பை. இன்னும் மீன் சந்தைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது, ஆனாலும் அவசரப்படவில்லை.

"ரெண்டு மூணு மாசமா இதத்தான் வாசிக்கிறார்" என்றாள் என்னைப் பார்த்து. "எந்தப் பாட்டுன்னு தெரியல்ல. நல்லா இருக்குதில்லையா?"

இரண்டு மூன்று மாதம். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

"அது நான் எழுதினது" என்றேன். வாழ்க்கையில் முதல் முறை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பினாளோ தெரியாது. மெட்டு முடிந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"அப்ப ஏன் இவ்வளவு கெதியா முடிச்சிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கிழமை முழுவதும் இரண்டாம் பக்கத்தைப் புதிதாக எழுதினேன், சவ்வு மாதிரி இழுபடாமல். சனிக்கிழமை அந்தச் சவர்க்காரத்தால் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போய், தாளைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பிரம்பு நாற்காலியில் போய் இருந்தேன்.