ஐந்தடி ஆறு அங்குலம்

தட்டச்சு இயந்திரத்தில் செருகியிருந்த அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆசிய நாடுகளுக்கான கூடைப்பந்துப் போட்டிகள் தொடங்கிய புதிது. இந்திய அணிக்கு நான் துணை மேலாளர். பன்னிரண்டு வீரர்களின் பெயரையும் உயரத்தையும் அடித்து, அவரவர் வரியில் கையெழுத்து வாங்கிப் போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்புவது என் வேலை. எல்லோருக்கும் இரண்டு அங்குலம் கூட்டி அடிக்கச் சொன்னார் மேலாளர். மற்ற நாட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டோம் என்று சிரித்தபடி பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

பாம்பன்காரர் மட்டும் பேனாவைத் தொடவில்லை. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, அணியிலேயே குட்டை. நெட்டையர்கள் பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கும் நொடியில் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார். நானும் இராமநாதபுரத்துக்காரன் என்பதால் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்:

"அஞ்சடி ஆறுன்னே அடிங்க சார். அந்த உயரத்துல நின்னுதான் அவனுக கையில இருக்கிற பந்தைப் பறிக்கப் போறேன். கூட்டி எழுதிட்டா அதுல எனக்கு என்ன பெருமை?"

கையெழுத்துப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடச் சொன்னார் மேலாளர். நான் வாதாடியிருக்கலாம். ஆனால் ஆர்.எஸ்.மங்கலத்து வயல்காட்டிலிருந்து படித்து வந்த எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். என் இடமும் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பெயரின் மேல் எக்ஸ் எழுத்தை வரிசையாக அடித்தேன். வேறு ஆளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நேரமில்லாமல் பதினோரு வீரர்களோடு போனோம். பாம்பன்காரர் கெஞ்சவில்லை. எல்லோரோடும், என்னோடும், கைகுலுக்கிவிட்டு ஊருக்கு ரயிலேறினார். அந்தக் கைகுலுக்கல் என்னை இன்றுவரை விடவில்லை.

சென்ற மாதம், பழைய அணிப் பட்டியல்களைத் தொகுக்கும் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் தாளில் எக்ஸ் அடித்து மறைத்திருக்கும் பன்னிரண்டாவது ஆள் யார் என்று கேட்டார். பாவத்தைக் கழுவ வழி கிடைத்தது என்று பாம்பனுக்குப் போனேன். தலை நரைத்த பாம்பன்காரர் கருவாட்டு வியாபாரி ஒருவரோடு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். சரியான உயரத்தோடு அவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றேன்.

"நான் அங்கன போயி ஆடுனேனா சார்?"

இல்லை என்றேன்.

"பெறகு? அன்னைக்கு உயரத்தைக் கூட்டி எழுதப் பாத்தீக. இன்னைக்கு ஆளையே கூட்டி எழுதப் பாக்குறீக. என்னைய யாரும் தூக்கல. நான்தான் மாட்டேன்னேன். அதையும் உங்க தப்புன்னு எடுத்துக்கிட்டுப் போயிராதீக."

டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இளைஞரை அழைத்தேன். பதினோரு பேர்தான், ஆனால் அந்தப் பதினோரு உயரமும் பொய், இரண்டிரண்டு அங்குலம் குறைத்துப் போடுங்கள் என்றேன். இறந்துபோன வீரர்களின் குடும்பங்கள் சண்டைக்கு வருமே என்று தயங்கினார்.

என் விலாசத்தைக் கொடுத்தேன். வரட்டும்.